தொலைவிலுள்ள வட்டும் துவங்க மறுக்கும் சர்வரும்

மின்சாரம் பாய்ந்த முதற்கணத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஏறக்குறைய எதுவுமே தெரியாது. எவ்வளவு வேகமான பிராசஸரை அது கொண்டிருந்தாலும், எவ்வளவு விசாலமான ஞாபகசக்தியைப் பெற்றிருந்தாலும், அந்த ஞாபகம் அப்போது வெறுமையாகவே இருக்கிறது. மதர்போர்டில் பொருத்திய சிறியதொரு சில்லில் அழியாதபடி எழுதப்பட்டுள்ள பூர்வாங்கக் கட்டளைகளைத் தவிர அதற்கு வேறு துணை கிடையாது. பழைய முறையில் பயாஸ் என்றும் புதிய முறையில் யூஇஎஃப்ஐ என்றும் வழங்கும் அந்தக் கட்டளைகள், யந்திரத்தின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, வட்டு எங்கே இருக்கிறதென்று தேடிக் கண்டு, அதிலிருந்து இயங்குதளத்தின் முதற்பகுதியை ஞாபகத்தில் ஏற்றி, அதனிடம் அதிகாரத்தை ஒப்படைத்துவிட்டு விலகிக்கொள்கின்றன. நம் மேசைமேலுள்ள கம்ப்யூட்டரில் அந்த வட்டு அதே பெட்டிக்குள் ஒரு சாண் தூரத்தில் இருப்பதால், நாள்தோறும் நிகழும் இந்தக் காரியத்தின் நுட்பம் நம் கவனத்துக்கு வருவதே இல்லை.

ஆனால் பெரிய டேட்டா சென்டர்களில் நிலைமை வேறு. அங்கே வரிசை வரிசையாக நிற்கும் சர்வர்கள் பலவற்றுக்குள் வட்டே இராது. அவற்றுக்குரிய வட்டுகள் யாவும் வேறோர் அறையில், ஸ்டோரேஜ் என்று சொல்லப்படும் பொதுச் சேமிப்பகத்தில் ஒன்றாகத் திரட்டி வைக்கப்பட்டிருக்க, ஒவ்வொரு சர்வரும் நெட்வொர்க் கேபிளின் வழியே தன் பங்கை எட்டிப் பிடித்துப் பயன்படுத்திக்கொள்ளும். ஒரு சர்வர் பழுதுபட்டால் வேறொன்றை அதே இடத்தில் நிறுத்தி அதே வட்டைக் காட்டி அரைமணிக்குள் வேலையைத் தொடரலாம் என்பதும், எல்லா வட்டுகளுக்கும் ஓரிடத்திலேயே பிரதி எடுத்துக் காப்பாற்றலாம் என்பதும் இந்த ஏற்பாட்டின் பெரும் பயன்கள்.

பயன் பெரிதாயினும் இதில் அடங்கியுள்ள சிக்கலும் பெரிது. வட்டை அடைய நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க் கார்டை இயக்க டிரைவர் வேண்டும். அந்த டிரைவரோ வட்டில் இருக்கிறது. சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டவனுடைய நிலைதான் இங்கே யந்திரத்தின் நிலையும். இதிலிருந்து மீளும் உபாயமாக, நெட்வொர்க் கார்டின் மேலேயே சிறியதொரு ஃபிளாஷ் ஞாபகத்தை வைத்து, தொலைவிலுள்ள வட்டைத் தேடிப் பிடிப்பதற்குப் போதுமான அளவில் ஒரு குறுகிய நிரலை அதற்குள் எழுதி வைத்தார்கள். ஆப்ஷன் ராம் என்று பெயர் பெற்ற அந்த நிரலே இந்தக் கட்டுரையில் முதற்கண் கவனிக்கத்தக்கது.

தூரத்து வட்டோடு பேசுவதற்குரிய பாஷை ஐஸ்கஸி எனப்படுவது. வட்டுகளுக்குக் கட்டளையிடும் ஸ்கஸி என்னும் முறை 1986இல் அமெரிக்கத் தரநிர்ணயமாக அங்கீகாரம் பெற்றது. அது சில மீட்டர் நீளமுள்ள தடித்த கேபிளுக்குள் அடங்கியதாயிருந்தது. அந்தக் கட்டளைகளையே இன்டர்நெட்டின் டிசிபி உரையாடலுக்குள் பொதிந்து அனுப்பினால், சாதாரண ஈதர்நெட் செல்லுமிடமெல்லாம் வட்டும் செல்லுமன்றோ என்ற எண்ணத்தின் பலனாக, ஐபிஎம் ஸ்தாபனத்தின் ஹைஃபா ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஜூலியன் சாத்ரான் முதலியோர் தொகுத்த ஐஸ்கஸி விதிமுறை, 2004 ஏப்ரலில் ஆர்எஃப்சி 3720 என்ற எண்ணோடு வெளிவந்தது. இந்த முறையில் ஒரு யந்திரம் எவ்வாறு துவங்க வேண்டும் என்பதை மட்டுமே கூறும் ஆர்எஃப்சி 4173, அடுத்த ஆண்டு வந்தது. வட்டைக் கேட்கும் பக்கத்துக்கு இனிஷியேட்டர் என்றும், கொடுக்கும் பக்கத்துக்கு டார்கெட் என்றும் பெயர். டார்கெட் வழக்கமாகக் காத்திருக்கும் வாயில் டிசிபி போர்ட் 3260. இருவருக்கும் ஐக்யூஎன் என்னும் நீண்ட நாமம் உண்டு. பெயர் சூட்டிய ஸ்தாபனத்தின் டொமைனும், அந்த டொமைன் அதன் வசமிருந்த ஓர் ஆண்டும் மாதமும் அதில் அடங்கியிருப்பதால், உலகில் இருவருக்கு ஒரே நாமம் அமைய இடமில்லை.

இனி, இத்தகைய சர்வர் ஒன்று துவங்க மறுத்து நிற்கும்போது குற்றம் எங்கே என்று காண்பது எப்படி என்ற கேள்விக்கு வருவோம். நான் சொல்ல விரும்பும் கருத்து ஒன்றே ஒன்று: துவக்கம் என்பது ஒரே காரியமன்று, ஒரே வட்டை மூவர் அடுத்தடுத்து எட்டிப் பிடிக்கும் மூன்று காரியங்கள் அது. முதலில் கார்டின் ஆப்ஷன் ராம் வட்டைப் பிடிக்கிறது. பிறகு வட்டின் தொடக்கத்திலிருந்து வந்த லோடர், ஆப்ஷன் ராமின் உதவியைப் பெற்றுக்கொண்டே, இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலை ஞாபகத்துக்குள் இழுக்கிறது. இறுதியாக விழித்தெழும் கெர்னல், அதுவரை நடந்த இணைப்பு முழுவதையும் உதறிவிட்டு, தன் சொந்த டிரைவரைக்கொண்டு அதே வட்டைப் புதிதாகத் தேடிப் பிடிக்கிறது. ஆகையால், கடைசியாக வெற்றி பெற்றவர் யார் என்பதை அறிந்தோமானால், தோற்றவர் யார் என்பதும், எதை ஆராய வேண்டும் என்பதும், அதனினும் முக்கியமாக எதை ஆராய வேண்டியதில்லை என்பதும் தாமே புலப்பட்டுவிடும்.

முதற்கட்டத்தை எடுத்துக்கொள்வோம். திரையில் கார்டின் பெயரோ ஐஸ்கஸி என்ற சொல்லோ தோன்றாமலே யந்திரம், துவங்கத்தக்க சாதனம் எதுவுமில்லை என்று அறிவித்துவிட்டு நின்றால், நெட்வொர்க்கின் மீதோ சேமிப்பகத்தின் மீதோ பழி போடுவது அநியாயம். ஆப்ஷன் ராம் ஓடவே இல்லை என்பதே அதன் பொருள். கார்டின் ஃபிளாஷில் ஐஸ்கஸி நிரல் எழுதப்படாமல், பிஎக்ஸ்இ என்ற வேறு துவக்க முறைக்கான நிரல் இருந்திருக்கலாம். பயாஸ் அமைப்பில் அந்த ஸ்லாட்டின் ஆப்ஷன் ராம் அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இன்டெல் கார்டுகளில் துவக்கத்தின்போது கன்ட்ரோலையும் டியையும் சேர்த்து அழுத்தித் திறக்கும் அமைப்புத் திரையில், எந்தப் போர்ட்டும் முதன்மை என்று குறிக்கப்படாமல் விடப்பட்டிருக்கலாம். இவையன்றிப் பழைய பயாஸ் முறைக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. 1978இல் வந்த 8086 பிராசஸரின் ஒரு மெகாபைட் எல்லை அந்த முறையை விட்டு நீங்கவே இல்லை. அந்த ஒரு மெகாபைட்டிலும் விரிவாக்கக் கார்டுகளின் ஆப்ஷன் ராம்களுக்கு ஒதுக்கியது ஏறக்குறைய 128 கிலோபைட்தான். வீடியோ கார்டும் ரெய்டு கார்டும் நான்கு போர்ட் நெட்வொர்க் கார்டும் ஒன்றாக அமர்ந்திருக்கும் சர்வரில், கடைசியாக வருபவருக்கு இடம் போதாமற்போவது அடிக்கடி நிகழ்வதே. துவக்கத்துக்குத் தேவையில்லாத கார்டுகளின் ஆப்ஷன் ராம்களை அணைப்பது இதற்கு உடனடிப் பரிகாரம். யூஇஎஃப்ஐ முறைக்கு மாறுவது நிரந்தரப் பரிகாரம். ஆனால் பழைய முறைக்காக எழுதிய ராம் யூஇஎஃப்ஐ முறையில் ஓடாது, யூஇஎஃப்ஐக்காக எழுதியது பழைய முறையில் ஓடாது. பயாஸ் அமைப்பை யாரோ மாற்றிய மறுநாள் துவக்கம் நின்றுபோகும் சம்பவங்களுள் பலவற்றுக்கு இதுவே மூலகாரணம்.

ஆப்ஷன் ராம் ஓடுகிறது, ஆனால் ஐபி விலாசம் கிடைக்கவில்லை என்று முறையிடுகிறது என்றால், பார்வை கேபிளுக்கும் ஸ்விட்சுக்கும் செல்ல வேண்டும். இங்கே நடக்கும் ஒரு விபரீதம் விரிவாகச் சொல்லத்தக்கது. ஸ்விட்சுகளுக்கிடையே வட்டப்பாதை அமைந்துவிட்டால் செய்திகள் முடிவின்றிச் சுழன்று நெட்வொர்க்கையே முடக்கிவிடும். அதைத் தடுப்பதற்காக, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பொரேஷனில் பணிபுரிந்த ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985இல் ஸ்பேனிங் ட்ரீ என்னும் அரிய முறையை வகுத்தார். இதன்படி, ஒரு போர்ட்டில் புதிதாக இணைப்பு எழுந்தவுடன் ஸ்விட்ச் அதைத் திறந்துவிடாமல், 15 விநாடி கேட்டும் 15 விநாடி கற்றும், ஆக 30 விநாடி கழித்தே செய்திகளை அனுமதிக்கும். இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்துக்கு இந்தத் தாமதம் பொருட்டன்று. ஆனால் ஆப்ஷன் ராமுக்கோ பொறுமை குறைவு; கார்டை அது தட்டியெழுப்பும்போது இணைப்பு ஒருமுறை அறுந்து மீண்டும் எழுகிறது, அந்தக் கணத்திலிருந்து 30 விநாடி தொடங்குகிறது, அதற்குள், விலாசம் கேட்கும் டிஹெச்சிபி வேண்டுகோளை நாலைந்து முறை அனுப்பிப் பார்த்துவிட்டு அது கைவிட்டுவிடுகிறது. பொறியாளர் வந்து பார்க்கும்போது விளக்கு பச்சையாக எரிகிறது, கேபிள் நன்றாயிருக்கிறது, வேறு யந்திரத்தைச் செருகினால் விலாசம் கிடைக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் எதுவும் நடப்பதில்லை. ஸ்விட்சில் அந்தப் போர்ட்டை, சர்வரோடு மட்டும் முடியும் ஓரப் போர்ட் என்று அறிவித்துவிட்டால் காத்திருப்பு நீங்கி, நோய் அக்கணமே தீர்ந்துவிடுகிறது.

விலான் குறியீடு இதற்கடுத்த ஐயம். ஒரே ஸ்விட்சைப் பல நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் இந்த முறையில், 1 முதல் 4094 வரையுள்ள ஓர் எண் ஒவ்வொரு செய்திக்கும் அடையாளமாகச் சேர்க்கப்படுகிறது. ஸ்விட்ச் போர்ட் அந்த எண்ணோடு வரும் செய்திகளை மட்டுமே சேமிப்பகத்தின் பக்கம் விடும்படி அமைந்திருந்தால், ஆப்ஷன் ராமுக்கும் அந்த எண் தனியாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸுக்குள்ளோ லினக்ஸுக்குள்ளோ அதை அமைத்திருப்பது போதாது. ஏனெனில் அவை இன்னும் விழிக்கவே இல்லை.

விலாசம் கிடைத்தபின் டார்கெட்டை நாட வேண்டும். டார்கெட்டின் விவரங்களைக் கையால் எழுதி வைக்கலாம், அல்லது டிஹெச்சிபியின் 17ஆம் ஆப்ஷன் மூலம் அனுப்பலாம்; பின்னதில் ஐஸ்கஸி என்ற சொல், டார்கெட்டின் விலாசம், புரோட்டோகால், போர்ட், லன் என்னும் வட்டு எண், டார்கெட்டின் நாமம் ஆகிய ஆறும் முக்காற்புள்ளிகளால் பிரித்து ஒரே வரியில் எழுதப்படுகின்றன. நடுவிலுள்ள ஒரு பகுதி தேவையில்லையென்று விடும்போது முக்காற்புள்ளியையும் சேர்த்து விட்டுவிடுவதே இங்கு நேரும் சாதாரணப் பிழை. இணைப்பு முயற்சியின் தோல்வியிலும் இரண்டு லட்சணங்கள் உண்டு: மறுப்பு உடனே வந்தால் அந்த விலாசத்தில் ஒரு யந்திரம் உயிரோடிருக்கிறது, ஆனால் 3260இல் யாரும் காத்திருக்கவில்லை என்று பொருள், பதிலே இல்லாமல் நேரம் கடந்தால் பாதையில் ஃபயர்வாலோ தவறான சப்நெட்டோ விலானோ குறுக்கிட்டிருக்கிறது என்று பொருள். இந்த வேறுபாட்டைக் கவனிப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

டிசிபி இணைந்தபின் லாகின் நடைபெறுகிறது. அதன் முடிவை டார்கெட் ஓர் எண்ணாகத் தெரிவிக்கிறது. 0201 என்றால் அடையாளச் சோதனை தோற்றது. 0202 என்றால் அடையாளம் சரி, அனுமதி இல்லை. 0203 என்றால் அப்பெயருடைய டார்கெட் இங்கில்லை. 03 என்று தொடங்குமாயின் கோளாறு சேமிப்பகத்தினுடையது. அடையாளச் சோதனைக்குப் பயன்படும் சாப் முறையில் ரகசியச் சொல் கேபிளின் வழியே செல்வதில்லை; டார்கெட் அனுப்பும் கேள்வியோடு ரகசியத்தைக் கலந்து கணக்கிட்ட விடை மட்டுமே செல்கிறது. ஆகவே கேபிளில் ஓடுவதைப் பிடித்துப் பார்த்தாலும் எந்த எழுத்து தவறு என்று காண இயலாது. இருபுறமும் ரகசியத்தை மீண்டும் எழுதுவதே வழி. மைக்ரோசாஃப்டின் இனிஷியேட்டர் 12 முதல் 16 எழுத்து வரையுள்ள ரகசியத்தை எதிர்பார்ப்பதால், சேமிப்பகத்தில் குறுகியதொரு சொல்லை வைத்தவர்கள் வீணாக அலைய நேர்கிறது. லாகின் வெற்றி பெற்றும் வட்டு தென்படாமலிருப்பது இன்னொரு நிலை: சேமிப்பகம் எந்த ஐக்யூஎன்னுக்கு எந்த லன்னைக் காட்டலாம் என்றொரு பட்டியல் வைத்திருக்கிறது, கார்டை மாற்றியபோது பழைய நாமத்தைப் புதிய கார்டில் எழுத மறந்தால், கதவு திறந்தும் உள்ளே ஒன்றும் இராது.

இவ்வளவும் முடிந்து, வட்டின் பெயரும் அளவும் திரையில் தோன்றி, இரண்டாம் கட்டமாகிய லோடரின் முதல் வரியும் வந்து, அதன்பின் யந்திரம் அசைவற்று நிற்குமானால், ஜம்போ ஃபிரேம்களைச் சந்தேகிப்பது நலம். ஈதர்நெட் செய்தி ஒன்று சாதாரணமாக 1500 பைட் வரை சுமக்கும். சேமிப்பகப் போக்குவரத்துக்காக இதை 9000 ஆக உயர்த்துவது வழக்கம். சர்வரும் சேமிப்பகமும் 9000க்கு அமைந்து, நடுவிலுள்ள ஒரே ஒரு ஸ்விட்ச் 1500லேயே இருந்துவிட்டால், சிறிய செய்திகளாகிய லாகின் முதலியவை தடையின்றிச் செல்லும். பெரிய அளவில் வட்டைப் படிக்கத் தொடங்கியதும் அந்தப் பெருஞ்செய்திகளை ஸ்விட்ச் மௌனமாகக் கைவிட்டுவிடும். அதே நெட்வொர்க்கில் ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு யந்திரத்திலிருந்து, துண்டாடக் கூடாதென்ற நிபந்தனையோடு 8972 பைட் பிங் ஒன்றைச் சேமிப்பகத்துக்கு அனுப்பினால் உண்மை வெளிப்படும். 9000த்தில் ஐபி தலைப்புக்கு 20, பிங் தலைப்புக்கு 8 போக எஞ்சுவது அதுவே.

இப்போது மூன்றாம் கட்டமாகிய கைமாற்றத்துக்கு வந்துவிட்டோம். என் மதிப்பில் இவ்விஷயம் முழுவதிலும் மிக அழகான பகுதியும் மிக அபாயமான பகுதியும் இதுவே. விழித்தெழும் கெர்னலுக்கு, தான் எந்த வட்டிலிருந்து வந்தேன் என்பது தெரியாது. அதைத் தெரிவிப்பதற்காக ஆப்ஷன் ராம் ஞாபகத்தில் ஐபிஎஃப்டி என்னும் அட்டவணை ஒன்றை எழுதி வைத்துச் செல்கிறது. இனிஷியேட்டரின் நாமம், ஐபி விலாசம், விலான் எண், கார்டின் மேக் விலாசம், பிசிஐ பாதையில் அக்கார்டு அமர்ந்துள்ள இடம், டார்கெட்டின் நாமம், விலாசம், போர்ட், லன், சாப் விவரம் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. பயாஸ் முறையில் முதல் மெகாபைட்டின் பிற்பாதியில் இதைத் தேடிக் காணலாம். யூஇஎஃப்ஐ முறையில் ஏசிபிஐ அட்டவணைகளின் வழியே இதை அடையலாம்.

அட்டவணையைப் படித்தும், நெட்வொர்க் கார்டின் டிரைவர் வேளையோடு ஏறாவிட்டால் கெர்னல் அநாதையாகிறது. விண்டோஸில் அப்போது நீலத்திரை தோன்றி, இனாக்செசிபிள் பூட் டிவைஸ் என்ற சொற்களும் 7பி என்ற குறியும் காணப்படும். அத்திரையைக் கண்டவுடன் வட்டு பழுது என்று முடிவுகட்டுவது தவறு. அத்திரையைக் காட்டும் அளவுக்குக் கெர்னல் வந்து சேர்ந்ததே, வட்டும் கேபிளும் சேமிப்பகமும் ஒரு நிமிஷத்துக்கு முன்புவரை செவ்வையாயிருந்தன என்பதற்குச் சாட்சி. டிரைவர் துவக்க வேளையிலேயே ஏறும்படி குறிக்கப்படாதது, கார்டு வேறு ஸ்லாட்டுக்கு மாற்றப்பட்டுப் புதிய சாதனமாகக் காணப்பட்டது, நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் பாதுகாப்பு மென்பொருள் ஒன்று நிறுவப்படும்போது கார்டின் இணைப்பை ஒரு கணம் துண்டித்தது ஆகியவையே இங்கு ஆராயத்தக்க காரணங்கள். லினக்ஸில், துவக்கத்துக்கென்று அமைந்த சிறு கோப்புத்தொகுதியாகிய இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் கார்டின் டிரைவரும் ஐஸ்கஸிக் கருவிகளும் இடம்பெற்றிருக்க வேண்டும்; அட்டவணையைப் பார்த்து நடந்துகொள் என்ற ஆணையும் கெர்னலுக்குக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். அதோடு, பிற்பாடு எழும் நெட்வொர்க் நிர்வாக நிரல் அந்தக் கார்டை மீண்டும் அமைக்க முற்பட்டு ஒரு கணம் அணைத்துவிட்டால், தான் நிற்கும் தளத்தையே அது இழந்துவிடும். ஆகையால் அந்தக் கார்டை அதன் அதிகாரத்திலிருந்து விலக்கி வைப்பது அவசியம்.

துவங்கிவிட்டது என்பதோடு கவலை ஒழிந்ததாகவும் கொள்வதற்கில்லை. லினக்ஸின் ஓப்பன் ஐஸ்கஸியில், இணைப்பு அறுந்தால் 120 விநாடி காத்திருந்துவிட்டு வட்டு பிழை என்று மேலே அறிவிப்பது இயல்பான அமைப்பு. தரவு வட்டுக்கு அது பொருத்தமே. இயங்குதளமே தங்கியுள்ள மூல வட்டுக்கோ, ஒரு ஸ்விட்சை மூன்று நிமிஷம் நிறுத்தி மென்பொருளைப் புதுப்பித்தாலே யந்திரம் எழுத முடியாத நிலைக்குப் போய்விடக்கூடும். மூல வட்டுக்கு இந்தக் கால எல்லையை வெகுவாக நீட்டி வைப்பதும், வேறொரு ஸ்விட்சின் வழியே இரண்டாம் போர்ட்டையும் ஆயத்தமாக்கி வைப்பதும் விவேகம்.

மேற்கூறியவற்றுள் முதலிரு கட்டங்களிலும் யந்திரம் தன் அனுபவத்தை எழுதி வைக்க இடமில்லை என்பதை உணர வேண்டும். எழுதுவதற்குரிய வட்டு இன்னும் கைக்கு வராத நேரம் அது. ஆகவே சாட்சியை வெளியிலேதான் தேட வேண்டும். சேமிப்பகத்தின் பதிவேட்டில் லாகின் முயற்சி வந்து சேர்ந்ததா என்று பார்ப்பது முதல் காரியம். ஸ்விட்சில் அந்தப் போர்ட்டின் போக்குவரத்தை வேறொரு போர்ட்டுக்குப் பிரதியாகத் திருப்பி, வயர்ஷார்க் என்ற கருவியால் அதைப் பிடித்துப் பார்ப்பது அடுத்த காரியம். நம் தருக்க நூலார் பிரத்தியட்சம் என்றும் அனுமானம் என்றும் பிரமாணங்களைப் பிரித்து, கண்டதை அடிப்படையாகக் கொண்டே காணாததை ஊகிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். துவங்காத சர்வருக்கு முன் பதற்றத்தோடு நிற்கும் இளம் பொறியாளர் இதைக் கைக்கொள்ள வேண்டுமென்று மனமார விரும்புகிறேன். அவசரத்தில் ஃபர்ம்வேரையும் கேபிளையும் அமைப்பையும் ஒரே சமயத்தில் மாற்றினால், யந்திரம் துவங்கினாலும் காரணம் விளங்காது. காரணம் விளங்காத கோளாறு மீண்டும் வந்தே தீரும். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் குறித்துக்கொண்டு மேலே செல்வதே குறுக்குவழி. ஐக்யூஎன், விலான், லன், சாப் பெயர் முதலிய விவரங்களைச் சர்வர் நலமாயிருக்கும்போதே வேறிடத்தில் எழுதி வைப்பதும் அவர் கடமை. அந்தச் சர்வரின் வட்டிலேயே எழுதி வைத்த குறிப்பு ஆபத்தில் உதவாது.

இந்த முறையறிவு ஐஸ்கஸியோடு முடிந்துவிடுவதன்று. ஃபைபர் சேனல் முறையில் ஐக்யூஎன்னின் இடத்தில் 64 பிட் உலகப் பெயரும், விலானின் இடத்தில் ஸோனிங்கும் வந்து அமர்கின்றன. இப்போது ஐஸ்கஸியின் இடத்தைப் பிடித்துவரும் என்விஎம்இ முறைக்கு 2022இல் வெளியான துவக்க விதிமுறையிலும், என்பிஎஃப்டி என்ற பெயரில் அதே போன்றதோர் அட்டவணை வகுக்கப்பட்டுள்ளது. ஏனெனில் ஃபர்ம்வேரிலிருந்து கெர்னலுக்கு அதிகாரம் கைமாறும் தருணத்தை எந்தப் புதுமையாலும் தவிர்க்க முடியவில்லை. கருவிகளின் பெயர்களை மனனம் செய்தவர் பத்தாண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். யாரிடமிருந்து யாருக்கு எதைக் கொடுத்து அதிகாரம் மாறுகிறது என்று கேட்கக் கற்றவர், நாளை வரப்போகும் சர்வரின் முன்னும் அதே மூன்று கேள்விகளோடு நிதானமாக நிற்கலாம்.